கிரேமெஷ் கிரீம் கெட்டியாக நிற்க வழி சொல்லுங்களேன்

வணக்கம். ஹங்கேரியின் கிரேமெஷை வீட்டில் செய்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? புடாபெஸ்ட் கோட்டைப் பகுதியில் 1827 முதல் இருக்கும் ருஸ்வுர்ம் கடையில் கிடைக்குமே, அந்த மாதிரி: மேலும் கீழும் மொறுமொறுவென்று பஃப் பேஸ்ட்ரி, நடுவில் உயரமாக வெனிலா கிரீம், மேலே பொடித்த சர்க்கரை. கேரமல் பூசிய வகை வேண்டாம், எனக்கு இதுதான் உயிர்.

பேஸ்ட்ரி நன்றாகவே வருகிறது. முள்கரண்டியால் குத்தி, மேலே இன்னொரு தட்டை வைத்துச் சுட்டால் உப்புவதில்லை. மேல் அடுக்கை முன்பே சதுரமாக வெட்டித்தான் வைக்கிறேன். அப்போதுதான் கத்தி படும்போது கிரீம் பிதுங்காது.

சந்தேகமெல்லாம் கிரீமில்தான். மஞ்சள் கரு, பால், சர்க்கரை, மாவு சேர்த்துக் குமிழ் விடும்வரை காய்ச்சி, நுரைக்க அடித்த வெள்ளைக் கருவைச் சூட்டோடு கலக்கிறேன். ருசி அருமை. ஆனால் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் வெட்டினால் சரிந்துவிடுகிறது. அரை லிட்டர் பாலுக்கு மாவு எவ்வளவு போடுகிறீர்கள்? மைதாவா, சோள மாவா? ஜெலட்டின் இல்லாமல் நிற்குமா? அப்புறம், வெள்ளைக் கருவை இறக்கியவுடன் கலப்பதா, கொஞ்சம் ஆறவிட்டா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.