'கோடர்' என்பதற்குத் தமிழ் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

பாளையங்கோட்டையிலிருந்து:
நண்பர்களே, உளவியல் மாணவர்களுக்கு, குழந்தை வளர்ச்சி ஆய்வகத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். முதன்மை ஆய்வாளர், ஆய்வக மேலாளர், ஆய்வு உதவியாளர் எல்லாம் தாண்டி 'கோடர்' வந்ததும் நின்றுவிட்டேன். கணினி நிரல் எழுதுபவர் அல்ல. அம்மா மடியில் பிள்ளை, எதிரே திரையில் இரண்டு படங்கள். பிள்ளையின் முகத்தைப் பிடித்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓட்டி, கண் இடப்பக்கம் போனதா வலப்பக்கம் போனதா என்று பிரேம் பிரேமாகக் குறிப்பவர். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

தென்காசியிலிருந்து:
குறியீட்டாளர். வேலை முடிந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
எங்கே முடிந்தது அண்ணாச்சி? நம் பக்கத்தில் அதைக் 'குறிகாரர்' ஆக்கிவிடுவார்கள். பிள்ளைக்குக் குறி கேட்கவா வரச் சொன்னீர்கள் என்று ஆச்சிமார் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:
வள்ளுவர் ஏற்கெனவே தந்துவிட்டார். 'கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்', குறள் 701. பேசாத பிள்ளையின் முகம் பார்த்து அறிபவருக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? குறிப்பறிவர் என்று வையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்பது வழிவழிச் செய்தி. செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம் என்று பிள்ளைத்தமிழ் வளர்ச்சியை மாதக்கணக்கில் பிரித்து வைத்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கெசல் குழந்தைகளைக் கவனிக்கத் தொடங்கியதோ 1911-ல்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து:
ஐயா, குறள் அழகு. ஆனால் இவர் குறிப்பறியவே கூடாது! பிள்ளை மனதில் என்ன என்று ஊகித்தால் தரவு கெட்டது. எந்தப் பக்கம் எந்தப் படம் என்பதே இவருக்குத் தெரியாமல் வைப்பார்கள். அம்மாவின் பார்வை பிள்ளையை இழுக்கக்கூடாதென்று அவர் கண்ணை மறைப்பதும் உண்டு. அப்புறம் இன்னொருவர் அதே வீடியோவைத் தனியாகக் குறிப்பார். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கோஹன் 1960-ல் தந்த கப்பா அளவையை வைத்துப் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது அகம் புகாத ஒரு சொல்.

வள்ளியூரிலிருந்து:
அப்படியானால் நோட்டகர். நாணயத்தை உற்றுப் பார்த்து நல்லது கெட்டது சொன்னவரை நோட்டக்காரர் என்றுதான் சொன்னார்கள். காசின் மனதை அவர் ஊகிக்கவில்லை.

தென்காசியிலிருந்து:
இன்றைக்கு நோட்டம் விடுகிறவன் திருடன். போதாக்குறைக்கு 'நோடு' கன்னடம்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:
நோடு, நோட்டம், நோக்கு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன்னடத்தில் இருப்பதாலேயே ஒரு சொல் நமக்கு அந்நியமாகிவிடாது. 'கண்'கூடக் கன்னடத்தில் உண்டு. அதற்காகக் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்துவிடலாமா? நோட்டகரை நான் ஏற்கவில்லை, காரணம் வேறு. விரிவாகப் பின்னர்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
விரிவு வருவதற்குள் ஒரு கேள்வி. பிள்ளைக்கும் அம்மாவுக்கும் உள்ள பிணைப்பைப் பார்க்க உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் வகுத்த சோதனையில் அம்மா வெளியே போய்த் திரும்புவார், நடுவே முன்பின் தெரியாத ஒரு பெண் அறைக்குள் வருவார். அவரும் ஆய்வகத்து ஆள்தானே? பாடக்குறிப்பில் அவருக்கு என்ன பெயர்?

பாளையங்கோட்டையிலிருந்து:
'அந்நியர்' என்று போட்டிருக்கிறேன் அக்கா.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
பிள்ளை புது ஆளைக் கண்டு அழுதால் 'வேத்துமுகம் பாக்குது' என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோமே. வேற்றுமுகத்தார் என்று வைக்கலாமே.

தென்காசியிலிருந்து:
ஆமோதிக்கிறேன்.

வள்ளியூரிலிருந்து:
நானும். இதற்கு யாரும் அகராதி புரட்ட வேண்டாம்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:
மறுப்பில்லை. 'வேத்து' என்று அச்சில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:
சரி, கேட்காத சொல் கிடைத்துவிட்டது. கேட்டதற்குப் 'பார்வைக் குறிப்பாளர்' என்று போடப் போகிறேன். மூன்று பேர் சரி என்று தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் 'ஏதாவது போட்டுத் தொலையும்' என்கிறார். அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:
குறிப்பாளர் என்றால் கூட்டத்தில் குறிப்பெடுப்பவர். என் மறுப்பைப் பதிவு செய்யவும். நோட்டகர் பற்றிய விரிவான மடல் நாளை வரும்.