பத்து நாள், ஏழு ஊர், 450 யூரோ: உருப்படுமா?

கெம்னிட்ஸ்வாசி:
வணக்கம் மக்களே. ஜெர்மனியில கெம்னிட்ஸ்ல மாஸ்டர்ஸ், மூணாவது செமஸ்டர் முடியுது. செப்டம்பர்ல நாங்க அஞ்சு பேர் பத்து நாள் கிளம்புறோம். ஆளுக்கு 450 யூரோ, அதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாது. ரூட் இதுதான்: பிராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட். அங்கேருந்து விமானத்துல ரோம், மறுபடி விமானத்துல பாரிஸ், அப்புறம் ஆம்ஸ்டர்டாம், கடைசியா பஸ்ல வீடு. ஒன்பது ராத்திரியில நாலு பஸ்லயும் ஏர்போர்ட்லயும் கழிஞ்சிடும், அஞ்சுக்குத்தான் ஹாஸ்டல். எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி ஆயிடுச்சு. போய்ட்டு வந்தவங்க தீர்ப்பு சொல்லுங்க.

பழைய_ஆகன்காரன்:
உருப்படாது தம்பி. ஏழு ஊரோட பஸ் ஸ்டாண்டைத்தான் பாத்துட்டு வருவீங்க.

2017ல ஆகன்ல படிக்கறப்ப இதே கூத்தை நாங்களும் அடிச்சோம். எட்டு நாள், ஆறு ஊர். ராத்திரி பஸ்ல போனா ஹாஸ்டல் காசு மிச்சம்னு அப்பவும் ஒருத்தன் சொன்னான். காலைல அஞ்சு மணிக்கு இறக்கி விட்டாங்க. ஒரு கடை திறக்கல. ஹாஸ்டல்ல ரூம் மத்தியானம் ரெண்டு மூணு மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரைக்கும் மூட்டையோட அலையணும், இல்லன்னா லாக்கருக்குக் காசு அழணும். உக்காரணும்னா காபி வாங்கணும், ஒண்ணுக்குப் போகணும்னா ஒரு யூரோ எடுத்து வைக்கணும். மிச்சம் பிடிச்சது இப்படியே கரைஞ்சது. இப்ப அந்தப் படங்களை எடுத்துப் பாத்தா எது எந்த ஊர் சர்ச்னு எனக்கே தெரியல. எங்கம்மா கேட்டது ஒண்ணுதான்: "எல்லாப் படத்துலயும் ஏன்டா தூங்கி வழியற?"

ஓடும்_ரயில்:
அண்ணா, உங்களுக்கு வேலை கையில, பி.ஆர். (நிரந்தரமா தங்கற அனுமதி) கையில. வருஷத்துக்கு ஒரு ஊர்னு ஆற அமரப் பாக்கலாம். இவங்களுக்குப் படிப்பு முடிஞ்சா வேலை தேட 18 மாசம்தான். கிடைக்கலன்னா ஊருக்கு மூட்டை கட்டணும். அப்புறம் அங்கேருந்து டூரிஸ்ட் விசா, பேங்க் ஸ்டேட்மெண்ட், விரல் ரேகை, விமான டிக்கெட்டுனு ஆரம்பிச்சா எந்த ஜென்மத்துல பாரிஸ் பாக்கறது? இப்ப ஜெர்மன் வசிப்பு அட்டை இருக்கு. மத்த ஷெங்கன் நாடுகள்ல எந்த 180 நாள்லயும் 90 நாள் வரை தனி விசா இல்லாம சுத்தலாம். இதை வெச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கறதுதான் வீண் செலவு.

தூக்கமா? இருபத்தஞ்சு வயசுல பஸ்ல தூங்கலன்னா எப்பத் தூங்கறது?

அசல்_வட்டி:
யாரும் கேக்காத கேள்வியை நான் கேக்கறேன். கல்விக் கடன் எவ்வளவு? அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சிருக்காரா இல்லையா? விசாவுக்காக முன்கூட்டியே பணத்தைப் போட்டு முடக்கி வெச்ச பிளாக்டு அக்கவுண்ட்லேருந்து மாசம் வர 992 யூரோ படிக்கறதுக்கும் சாப்பிடறதுக்கும் வந்த பணம். 450 யூரோ நம்ம ஊர்ல ஒரு குடும்பத்தோட மாசச் செலவு. வட்டி ஓடிக்கிட்டு இருக்கு, இங்க ரோமா பாரிஸானு பட்டிமன்றம்.

கெம்னிட்ஸ்வாசி:
பத்திரம் பேங்க்லதான் இருக்கு, மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா இது அந்தப் பணம் இல்லங்க. ரெண்டு செமஸ்டரா கிடங்குல சனிக்கிழமை ஷிப்ட் பாத்து தனியா சேத்தது. எங்கப்பாவுக்குத் தெரியும். "போய்ட்டு வா, படம் அனுப்பு"னு அவரேதான் சொன்னார்.

அசல்_வட்டி:
அப்பா அப்படித்தான் சொல்லுவார். வேணாம்னு சொல்ல எந்த அப்பாவுக்கு மனசு வரும்? சரி, உங்க உழைப்பு, உங்க காசு. ஆனா தனியா சேத்தாலும் அதே காசை அசலுக்குக் கட்டலாமே? இதுக்கு மேல நான் பேசல.

கணக்குப்பிள்ளை:
மேல 'ரெண்டு கட்சி'னு எழுதியிருக்கானே, அந்த எதிர்க்கட்சி நான்தான். குரூப்ல வரவு செலவு என் தலையில. போட்ட கணக்கு, ஆளுக்கு:

ஹாஸ்டல் அஞ்சு ராத்திரி, 28 வீதம் 140. பஸ் எல்லாத்துக்கும் சேத்து 88. விமானம் ரெண்டு, 45 வீதம் 90. ஆக 318. அந்த 45ல சீட்டுக்கு அடியில வைக்கற சின்னப் பைதான் வரும். பெரிய பை எடுத்தா ரெண்டு தடவைக்கும் சேத்து இன்னும் 60. மொத்தம் 378. மிச்சம் 72, பத்து நாளுக்கு. நாளைக்கு 7 யூரோ 20 சென்ட். இதுல சாப்பாடு, மெட்ரோ, நுழைவுச் சீட்டு, ஏர்போர்ட் பஸ் எல்லாம் அடங்கணும். கொலோசியத்தை வெளியிலேருந்து பாத்துட்டு ரொட்டியும் வாழைப்பழமும் தின்னுட்டு வரலாம்.

ஆனா நேர்மையா இன்னொண்ணும் சொல்லிடறேன். விமானத்தை வெட்டிட்டு பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மட்டும் அதே பத்து நாள் ரயில்ல போனாலும் கணக்கு பிரமாதமா வரல. ஒன்பது ராத்திரி ஹாஸ்டல் 225, ரயில் 120. மிச்சம் 105, நாளைக்குப் பத்தரை.

ஓடும்_ரயில்:
பாத்தீங்களா! மெதுவாப் போனா மலிவுன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. கணக்குப்பிள்ளை வாயாலயே வந்துடுச்சு. மூணு யூரோ வித்தியாசத்துக்காக ரோம், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் மூணையும் விடணுமா?

வியன்னா_வெண்பொங்கல்:
நான் இங்க முனைவர் பட்டம் பண்றேன். மூணு வருஷமா வர்ற நண்பர் கூட்டத்துக்கெல்லாம் ஊர் காட்டி வழிகாட்டியாவே ஆயிட்டேன். ரெண்டு பேர் சொல்றதுலயும் ஓட்டை இருக்கு. ஊரைக் குறைச்சா போதாது கணக்குப்பிள்ளை, நாளையும் குறைங்க. எட்டு நாள் போட்டுப் பாருங்க. ஏழு ராத்திரி 175, ரயில் 110, மிச்சம் 165. நாளைக்கு இருபது யூரோவுக்கு மேல நிக்கும். நாளைக்கு ஏழு யூரோவுக்கும் இருபதுக்கும் நடுவுலதான் அஞ்சு நண்பர்கள் அடிச்சுக்கறதும் அடிச்சுக்காம இருக்கறதும் இருக்கு.

அப்புறம் பிராட்டிஸ்லாவாவைத் தனி ஊராவே கணக்குல சேக்காதீங்க. வியன்னாவிலேருந்து ஒரு மணி நேர ரயில். காலைல போய் கோட்டை மேல நின்னு டான்யூபைப் பாத்துட்டு சாயங்காலம் திரும்பி வந்துடலாம். இன்டர்ரெயில் பாஸ், அதாவது பல ஐரோப்பிய நாட்டு ரயில்ல போற ஒரே பாஸ், வாங்கச் சொல்லி யாராவது வருவாங்க. 27 வயசு வரை மலிவுதான், ஜெர்மனியில வசிக்கறதால உங்களுக்கும் கிடைக்கும். ஆனா மூணு ஊருக்கு அது வேண்டாம். ட்ரெஸ்டன் வரை மாணவர்களுக்கான செமஸ்டர் டிக்கெட்ல ரீஜனல் ரயில்ல ஓசி. அங்கேருந்து பிராக் ரெண்டரை மணி நேரம், பிராக்-வியன்னா நாலு, வியன்னா-புடாபெஸ்ட் ரெண்டே முக்கால். முன்கூட்டியே வாங்கினா தனித்தனி டிக்கெட்டே குறைவா வரும்.

வியன்னான்னா விலை அதிகம்னு பயப்படறாங்க. இங்க குழாய்த் தண்ணியே ஆல்ப்ஸ் ஊத்துத் தண்ணி, 1873லேருந்து மலையிலேருந்து குழாய் போட்டுக் கொண்டு வர்றாங்க. பாட்டிலுக்குக் காசு குடுக்காதீங்க. ஷோன்ப்ருன் அரண்மனைக்கு உள்ள போகத்தான் டிக்கெட், தோட்டம் இலவசம். மேல குன்றுல இருக்கற க்ளோரியெட் மண்டபம் வரை ஏறினா ஊர் முழுக்கத் தெரியும். ஸ்டேட் ஓப்பராவில நின்னுக்கிட்டே பாக்கற டிக்கெட் இருபது யூரோவுக்குள்ள கிடைக்கும். நிக்கற இடத்துக் கம்பியில துண்டைக் கட்டி இடம் பிடிக்கறது அங்கயும் உண்டு, நம்ம ஊர் பஸ்ஸுல சீட்டுக்குத் துண்டு போடற மாதிரியே! ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசியும் தயிரும் வாங்கி வெச்சுக்கணும்.

லாசப்பல்_அண்ணா:
தம்பியவை, பாரிசில இருந்து எழுதுறன். முப்பது வருசமா இங்கதான். உங்கட திட்டத்தில பாரிசுக்கு எவ்வளவு நேரம் வச்சிருக்கிறியள்? ஒண்டரை நாளோ? மலிவு விமானங்கள் கனக்க வந்து இறங்கிறது பொவே விமான நிலையத்தில. பேர்தான் பாரிஸ், ஊருக்குள்ள வர எண்பது கிலோமீட்டருக்கு மேல கிடக்கு. பஸ்ஸுக்குக் காசு, போக வர அரைநாள் போச்சு.

லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை பூட்டு. அது தெரியாமல் வந்து கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால நிண்டு படம் எடுத்துப்போட்டுத் திரும்பிப் போன பிள்ளையள் கனபேரைக் கண்டிருக்கிறன். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில வசிக்கிற, 26 வயது நிரம்பாத ஆக்களுக்கு அங்க இலவசம். இந்தியப் பாஸ்போர்ட் எண்டாலும் பரவாயில்லை, ஜெர்மன் அட்டையைக் காட்டினால் சரி. ஆனால் நேரத்தை முதலே பதிஞ்சு வைக்க வேணும். நோத்ருதாம் தேவாலயத்தை 2019 நெருப்புக்குப் பிறகு 2024 டிசம்பரில திரும்பத் திறந்திட்டினம், உள்ளுக்குப் போகக் காசில்லை. இதையெல்லாம் பாத்துப்போட்டு கார்ட் து நோர் ரயில் நிலையப் பக்கம் நடந்து வந்தால் லாசப்பல், எங்கட தமிழ்க் கடைத்தெரு. கொத்து ரொட்டியும் பிளேன்டீயும் கிடைக்கும். அதுக்கு மூண்டு நாள் வேணும். ஒண்டரை நாளில வந்து போறதெண்டால் வராதேங்கோ, கோவியாதேங்கோ.

கெம்னிட்ஸ்வாசி:
அண்ணா, அந்த 26 விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது! எங்கள்ல ஒருத்தனுக்கு நவம்பர்ல 26 முடியுது. அப்ப ரோமும் இலவசமா?

பழைய_ஆகன்காரன்:
அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. கொலோசியத்துல 18 முதல் 25 வயசுக்காரங்களுக்கு ரெண்டு யூரோ சலுகை இருக்கு, ஆனா அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. வசிப்பு அட்டை செல்லாது, முழுக் காசுதான். மாசத்தோட முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம். வாட்டிகன் மியூசியம் கடைசி ஞாயிறு இலவசம். ரெண்டுலயும் வரிசையைப் பாத்தா வைகுண்ட ஏகாதசி தரிசனம் ஞாபகம் வரும். குடிமகனா, வசிக்கறவனா, மாணவனானு ஒவ்வொரு எடத்துலயும் விதியை வரிக்கு வரி படிங்க.

இன்னொண்ணு. அஞ்சு பேரும் அசல் பாஸ்போர்ட், வசிப்பு அட்டை ரெண்டையும் கையில வெச்சிருக்கணும், போன்ல படம் காட்டினா நடக்காது. 2024 செப்டம்பர்லேருந்து ஜெர்மனி எல்லா நில எல்லையிலயும் சோதனை போடுது. ராத்திரி மூணு மணிக்கு பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் எழுப்புவாங்க. அட்டை காலாவதித் தேதியை இன்னிக்கே பாருங்க.

ஓடும்_ரயில்:
அண்ணன் பயமுறுத்தறதுலயே குறியா இருக்கார். சரி, நான் பட்ட அடியையும் சொல்றேன், அதுக்காக எழுதினதை மாத்திக்க மாட்டேன். ஒரு ஊர்ல டிராம் டிக்கெட் வாங்கிட்டு மிஷின்ல முத்திரை குத்தாம ஏறிட்டேன். டிக்கெட் கையில இருந்தும் அபராதம் கட்டினேன். தப்பு என்மேலதான், பலகையில எழுதியிருந்துச்சு, படிக்கல. பிராக்லயும் மஞ்சப் பெட்டியில குத்தினாத்தான் காகித டிக்கெட் செல்லும், மறக்காதீங்க.

அப்புறம் பணம் மாத்தறது. செக், ஹங்கேரி ரெண்டுலயும் யூரோ கிடையாது, கொருனாவும் ஃபோரின்ட்டும். தெருவுல ஆள் வந்து நல்ல ரேட்டுன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்காம நடங்க, செல்லாத வேத்து நாட்டு நோட்டைத் திணிச்சுடுவான். ஏடிஎம்ல 'யூரோவிலேயே கழிக்கட்டுமா'னு கேட்டா வேணாம்னு அமுக்குங்க. செக் நாட்டுல கடையில மாத்தின ரேட் பிடிக்கலன்னா ரசீதோட மூணு மணி நேரத்துக்குள்ள போய் ரத்து பண்ணலாம், 2019லேருந்து சட்டம்.

இவ்வளவு அடிபட்டும் சொல்றேன்: அந்த ஓட்டத்துல பாத்ததுதான் எனக்கு நிக்குது. அஞ்சு மணிக்கு பஸ்காரன் இறக்கி விட்டதாலதான் சார்ல்ஸ் பாலத்துல ஆளே இல்லாம நின்னேன். 1357ல கட்ட ஆரம்பிச்ச பாலம், முப்பது சிலை, நானும் ரெண்டு புறாவும். பத்து மணிக்குப் போன உங்களுக்கு செல்ஃபி குச்சிதான் தெரிஞ்சிருக்கும்.

பழைய_ஆகன்காரன்:
இது ஒண்ணை ஒத்துக்கறேன். விடியக்காலைப் பாலம் அழகுதான். ஆனா அதுக்கு பஸ் எதுக்கு? அலாரம் வெச்சு எழுந்திரிக்க வேண்டியதுதானே!

ஓடும்_ரயில்:
விடுமுறையில அஞ்சு பேர் அலாரம் வெச்சு அஞ்சு மணிக்கு எழுந்ததா சரித்திரமே இல்ல அண்ணா.

வியன்னா_வெண்பொங்கல்:
அதுல அவர் ஜெயிச்சுட்டார்.

புடாபெஸ்ட் பத்தி யாருமே பேசலியே. மூணு ஊர்த் திட்டத்துல கடைசி ஊரா அதை வெச்சது நல்ல முடிவு. முதல் மெட்ரோ லைன்ல சும்மாவாவது ஏறுங்க. 1896ல திறந்தது, ஐரோப்பியப் பெருநிலத்துல அதுதான் பழசு. படி இறங்கினதும் சின்ன மஞ்சப் பெட்டி வரும், பொம்மை ரயில் மாதிரி. ராத்திரி நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில உக்காந்து பாக்க ஒரு காசு வேணாம். வெந்நீர்க் குளியல் மட்டும் விலை ஏறிடுச்சு, ஒரே ஒரு பெரிய செலவுன்னு அதுக்கு ஒதுக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நேத்து ராத்திரி ரெண்டு மணி வரை உக்காந்து பேசினோம். ஓட்டுக்கு விட்டதுல மூணுக்கு ரெண்டு. மூணு பேர் (நான், கெம்னிட்ஸ்வாசி, நவம்பர்காரன்) எட்டு நாள், பிராக்-வியன்னா-புடாபெஸ்ட் ரயில்ல. மத்த ரெண்டு பேர் பழைய ரூட்லதான் போவோம்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. புடாபெஸ்ட் வரை சேந்து போய்ட்டு அவங்க ரோமுக்கு விமானம் ஏறுவாங்க. பாரிசுக்கு நாங்க மூணு பேரும் அக்டோபர் கடைசியில தனியாப் போறோம். அக்டோபர் 31 சாக்சனியில லீவு, நவம்பர்காரனுக்கு அப்ப வயசு இன்னும் 25.

லாசப்பல்_அண்ணா:
வாங்கோ. செவ்வாய்க்கிழமையில மட்டும் லூவ்ருக்குப் போகாதேங்கோ.

ஓடும்_ரயில்:
ரோம் போற ரெண்டு பேருக்கும் என் வாழ்த்து. ஒரே ஒரு விஷயம். சில மலிவு விமானங்கள்ல ஐரோப்பியர் அல்லாத பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க ஆவணத்தைக் கவுண்டர்ல காட்டிச் சரிபார்த்துக்கணும். போன்ல போர்டிங் பாஸ் இருக்குன்னு நேரா விமானம் ஏறற கேட்டுக்குப் போய் நிக்காதீங்க. தண்ணி பாட்டில் காலியா எடுத்துட்டுப் போங்க, ரோம் தெருவெல்லாம் குடிநீர்க் குழாய் ஊத்திக்கிட்டே இருக்கும்.

கெம்னிட்ஸ்வாசி:
எல்லாருக்கும் நன்றி. இப்ப புதுச் சண்டை. பொது உண்டியல்ல வாங்கின ரைஸ் குக்கர் ஒண்ணு, புளிக்காய்ச்சல் பாட்டில் ரெண்டு. புடாபெஸ்ட்ல பிரியும்போது எது யாருக்கு?

வியன்னா_வெண்பொங்கல்:
குக்கரைத் தூக்கிக்கிட்டு விமானத்துல போக முடியாது, அது ரயில் கோஷ்டிக்கு. புளிக்காய்ச்சலையும் கைப்பையில விடுவாங்களான்னு நிச்சயமில்ல. புடாபெஸ்ட்லயே ரெண்டு பாட்டிலையும் காலி பண்ணிடுங்க.