ஜான் நாக்ஸ் வீடுன்னு பேரு, ஆனா சுவத்துல இருக்குறது வேற ஒரு குடும்பத்தோட எழுத்து

பழைய வீடுங்கள பத்தி எல்லாரும் சொல்றீங்க, நான் ஸ்காட்லாந்துல எடின்பரோல பாத்த ஒரு வீட்ட பத்தி சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்கம்மாவுக்கு செங்கல்பட்டு பக்கம், ஸ்காட்லாந்து மிஷன் நடத்துன ஸ்கூல்ல படிச்சவங்க, தாத்தா சபையில மூப்பரா இருந்தவர். அதனால அம்மா என்கூட தங்க வந்தப்போ லண்டன்லாம் வேணாம், ஜான் நாக்ஸ் வீட்ட காட்டுன்னு ஒரே பேச்சு. 1560ல ஸ்காட்லாந்து சபை போப்போட அதிகாரத்துலேருந்து பிரிஞ்சு வந்துச்சுல்ல, அதுல முன்னாடி நின்னவர் நாக்ஸ். பிஷப் இல்லாம மூப்பர்கள் சேந்து சபைய நடத்துற பிரெஸ்பிடேரியன் முறைக்கு வேர் அங்கதான் இருக்கு.

ராயல் மைல்னு கோட்டையிலேருந்து அரண்மனை வரைக்கும் எறங்குற ஒரே தெரு. அதுல பாதி தூரத்துக்கு மேல எறங்குனா இடது பக்கம் ஒரு வீடு மட்டும் மத்த வீட்டு வரிசைய விட்டுட்டு ரோட்டுக்கு முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்கும். சில பாகம் 1470 வாக்குல கட்டுனது. ஒவ்வொரு மாடியும் கீழ இருக்குறத விட கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அம்மா வாசல்லயே நின்னுட்டாங்க, உள்ள வரமாட்டேங்குறாங்க, தலைய தூக்கி சுவத்தயே பாத்துட்டு இருக்காங்க. அங்க கல்லுல நீளமா ஒரு வரி செதுக்கியிருக்கு, பழைய ஸ்காட்ஸ் மொழி, எழுத்துக்கூட்டி படிச்சா எல்லாத்துக்கும் மேல கடவுள நேசி, உன்ன மாதிரியே பக்கத்துல இருக்குறவனையும் நேசின்னு வருது. நான் பாதி படிக்குறதுக்குள்ள அம்மா "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக"ன்னு சண்டே ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பிச்சுட்டாங்க. எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு.

அப்புறம் சுவத்துல ஒரு குடும்பச் சின்னம், கூடவே ஐ எம் (IM), எம் ஏ (MA)ன்னு எழுத்துங்க. நாக்ஸ் பேருக்கு இது பொருந்தலயேன்னு அம்மாதான் மொதல்ல கேட்டாங்க. ஐ எம்னா ஜேம்ஸ் மாஸ்மன், ஜேக்கு பதிலா அப்போ ஐ போடுவாங்களாம். எம் ஏ அவரோட மனைவி மரியோட்டா ஆரஸ். கல்யாணத்துக்கு அப்புறமும் அங்க பொண்ணுங்க பொறந்த வீட்டுப் பேர விடமாட்டாங்க, வீடும் அந்தம்மா குடும்பத்து வழியா வந்ததுதான். "பொண்டாட்டி பேரயும் வாசல்ல போட்டுருக்கார் பாரு"ன்னு அம்மா திரும்பத் திரும்ப சொன்னாங்க.

மாஸ்மன் பொற்கொல்லர். அவங்கப்பா ஜான் மாஸ்மன்தான் 1540ல ஸ்காட்லாந்து ராஜாவோட கிரீடத்த உருக்கி புதுசா செஞ்சவர், அது இன்னிக்கும் கோட்டையில கண்ணாடிக்குள்ள இருக்கு. மகன் ஜேம்ஸ், பதவிய இழந்த ஸ்காட்லாந்து ராணி மேரியோட பக்கம். ராணி பக்கத்து ஆளுங்க கோட்டைய புடிச்சு வச்சுக்கிட்டு சண்டை போட்டப்போ இவரும் உள்ள போயிட்டார், அங்கயே காசு அடிச்சு குடுத்தார். நாக்ஸ் அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். 1572 ஆகஸ்ட்ல செயின்ட் ஆண்ட்ரூஸ்ங்கற ஊர்லேருந்து ஒடம்பு முடியாம திரும்பி வந்தார், அந்த கடைசி மாசங்கள இந்த வீட்டுலதான் கழிச்சார்னு வழிவழியா சொல்லிட்டு வர்றாங்க. அது நெசம்னா வீட்டுக்காரர் மேல கோட்டையில, அவரோட எதிராளி கீழ அவர் வீட்டுல சாகக் கெடக்குறார். நவம்பர் 24 நாக்ஸ் போயிட்டார். ஒன்பது மாசம் கூட ஆகல, கோட்டை விழுந்து 1573 ஆகஸ்ட் 3ம் தேதி மாஸ்மன அதே தெருவுல மார்க்கெட் சிலுவைன்னு சொல்ற பழைய சந்தைத் தூண் பக்கத்துல தூக்குல போட்டாங்க, சொத்தும் பறிமுதல்.

உள்ள சுருள் படிக்கட்டு ரொம்ப குறுகல், அம்மா என் தோள புடிச்சுக்கிட்டே ஏறுனாங்க. மேல ஓக் பலகை அடிச்ச ரூம், பெயின்ட் பண்ண பழைய கூரை. நாக்ஸ் சாகுற அன்னிக்கு மனைவி மார்கரெட்ட, என் மொதல் நங்கூரம் போட்ட எடத்த படின்னு கேட்டாராம், அவங்க யோவான் 17ம் அதிகாரத்த படிச்சாங்க. அம்மா அந்த ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டு அதே அதிகாரத்த போன்ல தொறந்து மெதுவா வாசிச்சாங்க, நான் நடுவுல ஒண்ணும் பேசல.

1840கள்ல ரோட்ட மறைக்குதுன்னு இந்த வீட்ட இடிக்க இருந்தாங்க. நாக்ஸ் வீடுங்கற நம்பிக்கையாலதான் ஸ்காட்லாந்து சபையிலேருந்து பிரிஞ்சு வந்த ஃப்ரீ சர்ச் அத வாங்கி காப்பாத்துச்சு. மூலையில சூரியன காட்டிக்கிட்டு ஒரு சிலை இருக்கு, கடவுள்ங்கற வார்த்தை கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம்னு மூணு மொழியில பொறிச்சிருக்கு, அது மோசே. அதையே ரொம்ப காலம் நாக்ஸ் பிரசங்கம் பண்ற சிலைன்னு நெனச்சிருக்காங்க. நாக்ஸ் பேரால வீடு பொழைச்சுது, நான் அத மறுக்கல. ஆனா அங்க போறவங்க அந்த நாலு எழுத்தையும் நின்னு பாக்கணும், கட்டி வாழ்ந்து எல்லாத்தையும் பறிகொடுத்த குடும்பம் அது.

*

அக்கா, நான் எடின்பரோலதான் படிக்கிறேன், தினமும் அந்த வீட்ட தாண்டித்தான் போவேன், இவ்வளவு தெரியாது. நீங்க நாக்ஸ் கல்லறைய பாத்தீங்களா? செயின்ட் ஜைல்ஸ் சர்ச் பின்னாடி கார் பார்க்கிங்தான் இப்போ. பழைய கல்லறைத்தோட்டம் மேல தளம் போட்டுட்டாங்க. 23ம் நம்பர் இடத்துல தரையில ஒரு கல்லு பதிச்சு எழுதியிருக்காங்க, அவ்வளவுதான். நான் மொத தடவ போனப்போ மேல ஒரு கார் நின்னுச்சு, முக்கா மணி நேரம் குளிர்ல காத்திருந்தேன், அந்த ஆள் வந்து வண்டிய எடுத்தப்புறம்தான் படிச்சேன். மாஸ்மன தூக்குல போட்ட எடமும் அங்கேருந்து ரெண்டு நிமிஷ நடைதான்னு இப்போ உங்களாலதான் புரியுது. நாளைக்கு காலேஜ் போறப்போ அந்த எழுத்துங்கள பாக்குறேன்.

*

தங்கச்சி, உங்கம்மா செங்கல்பட்டுன்னதும் எழுதணும்னு தோணுச்சு. நான் எழும்பூர் கர்க்ல, அதாவது செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்ல வளந்தவன். 1821ல ஸ்காட்லாந்துக்காரங்களுக்காக தொறந்தது, கீழ மண்ணு சரியில்லன்னு வரிசையா கிணறு எறக்கி அது மேல அஸ்திவாரம் போட்டுருக்காங்க, உள்ள வட்டமா இருக்கும், மேல நீலக் கூரை. நாக்ஸும் அவரோட சேந்தவங்களும் 1560ல எழுதுன திட்டத்துல ஒவ்வொரு சபைக்கும் ஒரு பள்ளிக்கூடம் வேணும்னு கேட்டாங்க. 1837ல மெட்ராஸ் வந்த ஸ்காட்டிஷ் மிஷனரி ஜான் ஆண்டர்சன் மொதல்ல செஞ்சதும் பள்ளிக்கூடம்தான், அதுதான் பின்னாடி கிறிஸ்டியன் காலேஜ் ஆச்சு. 1843ல ஸ்காட்லாந்து சபை ரெண்டா பிரிஞ்சப்போ அவர் ஃப்ரீ சர்ச் பக்கம் போனார், நீங்க சொன்ன வீட்ட வாங்குனாங்களே, அதே சபை. உங்கம்மா ஸ்கூல்ல இருந்த ஸ்காட்டிஷ் டீச்சருங்கள பத்தி அவங்கள கேட்டு எழுதுங்க, எங்கம்மாவும் அந்த மிஷன் ஸ்கூல்லதான் படிச்சாங்க, அவங்ககிட்ட கேக்காமலே விட்டுட்டேன்.

*

அண்ணா, அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன். ஞாயித்துக்கெழம போன் பண்ணி அவங்களே பேச பேச நான் எழுதுறேன்னு சொல்லியிருக்கேன்.