பழைய பிளேனார் ஹெட்போன் உங்கள் கைக்கு வந்த கதை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அனுபவங்கள்

கல்லடி:

பழைய பிளேனார் ஹெட்போன் கதைகளை அவரவர் ஊர்ப் பெயரில் எழுதுவோம், நானே தொடங்கி வைக்கிறேன். கல்முனையில் ஒரு காலத்தில் ரெக்கோடிங் பார் வைத்திருந்த மாமா ஒருவர் இருக்கிறார். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் கசெட்டில் அடித்துத் தருவார்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடை மூடிப் பல வருடமாகிறது. போன வருடம் அவரிடம் ஒரு பழைய அம்ப் (அம்ப்ளிஃபையர்) இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அம்ப் வெறும் கூடு, உள்ளே டிரான்ஸ்போமரே இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது அலமாரி மேலிருந்து ஒரு சீலைப் பையை இறக்கினார்.

“இதையும் கொண்டு போ மனே. ஒரு பக்கம்தான் கேக்கும். மறுகா வந்து என்னைக் குறை சொல்லக் கூடாது, கண்டியா.”

பையைத் திறந்ததும் முதலில் கொட்டியது கறுப்புத் தூள். காதுப் பஞ்சு அத்தனையும் உதிர்ந்திருந்தது. தூளைத் தட்டிவிட்டுப் பார்த்தால் யமஹா எச்பி-1. 1976 இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மாரியோ பெல்லினி. யமஹாக்காரர்கள் இந்த வகைக்கு ‘ஓர்த்தோடைனமிக்’ என்று பெயர் வைத்தார்கள். ஃபொஸ்டெக்ஸ் ‘ரெகுலர் ஃபேஸ்’ என்றது, வேறு சிலர் ‘ஐசோடைனமிக்’ என்றார்கள். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான்.

புதிதாக வருபவர்களுக்காக: சாதாரண ஹெட்போனில் ஒரு சிறு கூம்பின் நடுவில் கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். சுருள் தள்ளினால் கூம்பு ஆடும். பிளேனாரில் கூம்பே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன் மேலேயே கோடு கோடாக மின்கடத்தி, தாளின் இரு பக்கமும் துளை போட்ட காந்தம். மின்சாரம் ஓடும்போது தாள் முழுவதும் சேர்ந்தே அசைகிறது. தவில் அடி ஒன்று விழுந்து, அடுத்தது விழுவதற்குள் முதலாவது முழுசாக அடங்கிவிடுவதை இதில் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் மின்தடை 150 ஓமுக்குக் கிட்ட. வலது பக்கம் ஒன்றும் இல்லை. தாளில் கடத்தி அறுந்திருந்தால் கதை முடிந்தது, எங்கள் ஊரில் அதை ஒட்டுவதற்கு ஆள் கிடையாது. மீட்டரைப் பிடித்தபடியே வயரை வளைத்து வளைத்துப் பார்த்தேன். கப்புக்குள் வயர் நுழைகிற இடத்தில் ஒரு நொடி எண் வந்து போனது. வயர்தான்!

அவசரப்பட்டு டவுனில் ஒரு கடையில் கொடுத்து வயர் மாற்றினேன். இரண்டு பக்கமும் கேட்டது, ஆனால் சரியாகக் கேட்கவில்லை. பாடுகிறவர் முன்னால் நிற்காமல் தலைக்குப் பின்னால் எங்கேயோ நின்றார். எங்கள் ஊர்க் கோயிலில் நானே பதிவு செய்து வைத்திருக்கிற வடமோடி நாட்டுக்கூத்து ஒன்று உண்டு. எந்த ஹெட்போனையும் முதலில் அதில்தான் சோதிப்பேன். சதங்கை கிலுங்கியது, சல்லரித் தாளம் கேட்டது, மத்தளத்துக்கு வயிறே இல்லை. இரண்டு நாள் ஹெட்போனைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் புத்தி வந்தது: ஒரு பக்கத்தில் இரண்டு கம்பியையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒரு தாள் முன்னே போகும்போது மற்றது பின்னே போகிறது. அடித்தொனி இரண்டு காதுக்கும் எதிரெதிராக வந்து மெலிந்து கேட்கிறது. கம்பியை மாற்றி ஈயம் வைத்ததும் மத்தளம் திரும்பி வந்தது.

ஆனால் அது கொஞ்சம் அளவுக்கு மீறியே வந்தது. குடத்துக்குள் அடிப்பதுபோல ஒரு முழக்கம். பின்பக்கத்தைக் கழற்றினால், காந்தத் துளைகளின் மேல் இருக்க வேண்டிய ஃபெல்ட் துணியைப் பூச்சி அரித்திருந்தது. வலது பக்கம் பாதி, இடது பக்கம் ஓரத்தில் மட்டும்.

இந்தத் துணியைப் பற்றித்தான் எழுத வந்தேன், மற்றதெல்லாம் முன்னுரை. பழைய பிளேனாரில் வயரை மாற்றினேன், வெள்ளிக் கம்பி போட்டேன் என்று பேசுகிறவர்கள் நிறைய. என் காதுக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. பின்னால் ஒரு மில்லிமீட்டர் துணி கூடினால் குறைந்தால் ஹெட்போனே வேறு ஆளாகிவிடுகிறது. இழுத்துக் கட்டிய தாள் அல்லவா, தோல் வாத்தியம் மாதிரி அதற்கென்று ஒரு சொந்த முழக்கம் இருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவை அப்புகிறார்களே, ஏறக்குறைய அந்த வேலையைத்தான் பின்னால் இருக்கிற துணி செய்கிறது.

கைவேலைக் கடைகளில் கிடைக்கும் வண்ண ஃபெல்ட் முழுக்கச் செயற்கை நூல். அடர்த்தி போதாது. கடைசியில் ஆர்மோனியம் திருத்துகிற ஒருவரிடம் போனேன். கட்டைகளுக்கு அடியில் சத்தம் வராமல் போடுகிற கம்பளித் துணியில் ஒரு துண்டு தந்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு படை போட்டால் இன்னும் முழங்குகிறது. இரண்டு படை போட்டால் மத்தளம் இறுகியது, ஆனால் பாட்டுக்காரருக்குத் தடிமன் பிடித்த மாதிரி. ஒரு படை துணி, அதன் மேல் பாமசியில் வாங்குகிற மைக்ரோபோர் டேப்பில் ஒரு வட்டம். அதோடு நிறுத்திவிட்டேன். மாற்றியது முதலில் ஒரு பக்கம் மட்டும். பாட்டை மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் வருகிற மாதிரிப் போட்டு, பழைய காதையும் புதிய காதையும் மாறி மாறிக் கேட்டேன். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் முன்பு எப்படி இருந்தது என்பதை மனசு நமக்கு வசதியான மாதிரித்தான் ஞாபகம் வைத்திருக்கும்.

அரித்த துணியையும் எறியவில்லை. மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது.

அக்கரைப்பற்று:

என்னுடையது பழசு இல்லை, பழசின் பேரன். ஃபொஸ்டெக்ஸ் டி50ஆர்பி, 2015 இல் வந்த மூன்றாம் பதிப்பு. காக்கா (அண்ணன்) கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து போனில் குத்தினேன், கொசு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம். 50 ஓம் என்றால் போனுக்கு லேசு என்று நினைத்திருந்தேன். ஓம் அல்ல விசயம், இதற்குப் பசி பெரிசு. வாப்பாவின் பழைய ஸ்டீரியோ ரிசீவரில் குத்தியதும் எழும்பி உட்கார்ந்தது.

ரிசீவரின் ஹெட்போன் துளைக்கு ஸ்பீக்கர் லைனிலிருந்தே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகத்தான் கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுத்தால் சாதாரண ஹெட்போன் சிலவற்றில் அடித்தொனி ஊதிப்போகும். பிளேனாருக்கு எல்லாச் சுருதியிலும் ஓம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் குணம் மாறுவதில்லை. அம்ப் வாங்கச் சல்லி சேர்க்கிறவர்கள் முதலில் வீட்டு மூலையில் கிடக்கிற ரிசீவரைத் தட்டிப் பாருங்கள்.

இனி என் அவமானம். இந்த மொடலைத் திறந்து திருத்துவதை உலகம் முழுக்கச் செய்கிறார்கள், அதிலிருந்தே தொழில் தொடங்கிப் பெரிய ஹெட்போன் செய்ய வந்தவர்களும் உண்டு. கப்பின் சுவர் அதிராமல் இருக்க உள்ளே களிமண் அப்பச் சொல்வார்கள். நான் பிள்ளையின் பள்ளிக்கூடக் களியை எடுத்து, பச்சையும் சிவப்புமாக அப்பினேன். முதல் ஒரு மாதம் அருமை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்துவிட்டு மூன்று நாள் கொழும்புக்குப் போய்வந்தேன். களி இளகி வழிந்து, சத்தம் எழுப்புகிற பாகமான டிரைவரின் பின்னால் ஒட்டியிருக்கிற வெள்ளைத் தாளில் எண்ணெய் ஊறிவிட்டது. எண்ணெய் ஊறினால் அந்தத் தாளுக்குள்ளால் காற்றுப் போகாது. ஒரு காது பாடியது, மற்றது முணுமுணுத்தது. உம்மா பார்த்துவிட்டு, “பிள்ளட சாமானை எடுத்தா இப்படித்தான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எங்கள் வெயிலுக்கு எண்ணெய்க் களி சரிவராது. இப்போது உள்ளே கொஞ்சம் பஞ்சு மட்டும், அதுவும் துளையை அடைக்காமல்.

திருக்கோவில்:

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் மணலைத் தெரியும்தானே, அலை வடிந்த இடத்தில் கறுப்பு வரி வரியாகக் கிடக்கும். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி இழுத்து, கறுப்பு மயிர் முளைத்தது மாதிரி மணல் ஒட்டுவதைப் பார்த்து விளையாடியிருக்கிறோம். அதை மறந்துவிட்டு ஒரு நாள் ஹெட்போனைத் திண்ணைப் பாயில் கழற்றி வைத்தேன்.

அடுத்த நாள் வலது காதில் ஒரு கரகரப்பு. மெல்லிய பாட்டில் இல்லை, நாதஸ்வரம் மேலே ஏறும்போது மட்டும். டோர்ச் அடித்துப் பார்த்தால் துளை ஓரத்தில் நாலைந்து கறுப்புப் பருக்கைகள் மினுங்கின. காந்தத்துக்கும் தாளுக்கும் நடுவில் ஒன்றிரண்டு போயிருக்க வேண்டும். ஊதக் கூடாது, ஊதினால் இன்னும் உள்ளே போகும். ஊசியும் கூடாது, காந்தம் ஊசியைக் கையிலிருந்து பறித்துத் தாளில் குத்திவிடும். தீக்குச்சியின் நுனியில் செலோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருகிற மாதிரிச் சுற்றி, ஒவ்வொரு துளையாக ஒற்றி எடுத்தேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. இப்போது பாவிக்காத நேரம் பொலித்தீன் பைக்குள், வாயைக் கட்டி.

பாண்டிருப்பு:

சித்தப்பா எண்பதுகளில் மொஸ்கோவில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்த சோவியத் பிளேனார் ஹெட்போன் டிடிஎஸ்-7 எங்கள் வீட்டில் இருந்தது. ஐந்து ஊசி பிளக். இங்கே எந்தச் செட்டிலும் ஏறாது. அதனால் யாரும் பாவிக்கவில்லை, யாரும் உடைக்கவுமில்லை. பிளக்கை மட்டும் மாற்றினேன். பாரம் அதிகம், அழகு குறைவு. சத்தம் பற்றிக் கல்லடி அண்ணன் சொல்லட்டும், போன மாதம் மூன்று ஹெட்போனையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்ட அன்றைக்கு அவர்தான் நீதிபதி.

வாழைச்சேனை:

பௌர்ணமி இரவில் கல்லடி வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும். துணி வேண்டாம், களி வேண்டாம். நீங்கள் செலவழிக்கிற காசுக்குத் தோணியே வாங்கலாம்.

கல்லடி:

வாழைச்சேனைத் தம்பி, தோணி விலை விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

சரி, அந்த ஒப்பீட்டைச் சொல்கிறேன். போன மாதம் என் வீட்டில் மூன்றையும் ஒரே மேசையில் வைத்தோம்: எச்பி-1, டி50ஆர்பி, டிடிஎஸ்-7. சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் உரக்கக் கத்துகிறதுதான் நல்லது என்று காது சொல்லும். தடித்த மட்டையில் துளை போட்டு, போனின் மைக்கை அதில் பொருத்தி, ஒவ்வொரு ஹெட்போனையும் மட்டையில் அழுத்தி, ஒரே 1000 ஹெர்ட்ஸ் தொனிக்கு ஒரே அளவு வரும்வரை வொலியூமைத் திருப்பினோம். குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று கோடு. பிறகு மின்விசிறியை நிறுத்தினோம், பத்து நிமிடத்தில் எல்லோரும் வியர்த்துப்போனோம்.

கூத்துப் பதிவில் எச்பி-1 தான் கூத்தை நடத்துகிற அண்ணாவியார் எங்கே நிற்கிறார் என்று காட்டியது. ஃபொஸ்டெக்ஸில் மத்தளம் நன்றாக இறங்கியது, ஆனால் எல்லோரும் ஒரே அறைக்குள் நெருக்கி நிற்கிற மாதிரி. எண்ணெய் ஊறிய பக்கத்தைப் பாதி மன்னித்துத்தான் இதைச் சொல்கிறேன். ரஷ்யாக்காரனை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். சல்லரி கொஞ்சம் மங்கல், ஆனால் குரல், அதுவும் ஆண் குரல், மூன்றிலும் அதில்தான் சதையோடு இருந்தது. பாண்டிருப்பு, அதை விற்காதீர்கள். விற்பதென்றால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

சாயந்தரம் அந்த ரெக்கோடிங் பார் மாமாவையும் ஓட்டோவில் கூட்டி வந்தேன். எச்பி-1 ஐத் தலையில் மாட்டி, அவர் கடையில் 1987 இல் அடித்த கசெட் ஒன்றைப் போட்டேன். பழைய சாமான் திருந்தியதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார் என்று நாங்கள் மூன்று பேரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“கெசட்டுட சத்தம் மந்தமாக் கிடக்கு. டெக்குட ஹெட் சரிஞ்சிட்டு மனே. சின்ன இஸ்குறுடைவர் ஒண்டு தா.”

கையிலிருந்ததைக் கொடுத்தேன். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது துள்ளிப்போய்க் கப்பில் ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்து என்னிடமே நீட்டினார்.

“இதில காந்தம் ஏறிட்டு. இதை ஹெட்டில வெச்சா ரேப்பில இருக்கிறது அழிஞ்சிரும். வேற ஒண்டு கொண்டா.”