காங்கேசன்துறைத் தொகுதிக்கு இப்போது எம்.பி. யார்?

மயிலிட்டிப் பிள்ளை எழுதியது:

2024 நவம்பர் தேர்தல் இரவு வீட்டில் எல்லோரும் ரிவிக்கு முன்னால் விழித்திருந்தோம். "யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதி" என்று வாசிக்கத் தொடங்கியதும் அப்பா, "கொஞ்சம் பேசாமல் இருங்கோ, எங்கட தொகுதி போகுது" என்று கையைக் காட்டினார். அப்பா ஆட்கள் 1990இல் சண்டையால் மயிலிட்டியிலிருந்து எழும்பி வந்தவர்கள். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் உடுவிலில்தான், ஆனாலும் அவருக்கு அது இன்னும் எங்கட தொகுதி.

எனக்கு விளங்காதது இதுதான். தொகுதிக்கு முடிவு வாசிக்கிறார்கள் என்றால் அதற்கென்று ஒரு எம்.பி. இருக்க வேண்டும் அல்லவா? அம்மப்பா அதைச் செல்வநாயகத்தின் தொகுதி என்பார், அப்பா அமிர்தலிங்கத்தின் தொகுதி என்கிறார். வேறு யாரும் அங்கே வென்றதே இல்லையா? 1975 இடைத்தேர்தல் என்று ஒன்றைப் பற்றியும் அடிக்கடி கதைக்கிறார்கள், அதில் அப்படி என்ன நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சந்தியடி எழுதியது:

சுருக்கமாகச் சொன்னால் இப்போது அந்தத் தொகுதிக்கென்று எம்.பி. இல்லை. 1978 அரசியலமைப்போடு தொகுதிக்கு ஒருவர் என்ற முறை போய்விட்டது. 1989இலிருந்து முழு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டமும் ஒரே தட்டு: கட்சிக்கு ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு மூன்று, ஆசனங்களை விகிதாசாரப்படி பிரிப்பார்கள். தொகுதி என்று ரிவியில் வாசிப்பது வாக்கு எண்ணுவதற்கான பிரிவைத்தான். அப்படி 11 பிரிவுகள் உண்டு, கிளிநொச்சியும் அதில் ஒன்று (தனி நிர்வாக மாவட்டமாகி எத்தனையோ வருடமாகியும் வாக்கு யாழ்ப்பாணத்தோடுதான்). எல்லைகள் 1976இல் போட்டவை. அப்போது கோடு கீறியவர்கள் யாரும் 1990ஐ நினைத்திருக்க மாட்டார்கள்.

வென்றவர்களைப் பற்றி. 1947க்கு முன்பே, அரசாங்க சபை (பிரித்தானியர் காலச் சட்டசபை) இருந்தபோதும் காங்கேசன்துறை ஒரு தொகுதி. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளுக்கும் ஆளே போகவில்லை. 1934இல் பகிஷ்கரிப்பு முடிந்து தேர்தல் வைத்தபோது இங்கே வென்றவர் சு. நடேசன், பரமேஸ்வராக் கல்லூரி அதிபர், சேர் பொன். இராமநாதனின் மருமகன். 1947இல் தமிழ்க் காங்கிரஸில் நின்று செல்வநாயகம் வென்றார். பிறகு காங்கிரஸ் உடைந்து 1949 டிசம்பரில் செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது, 1952இல் அந்தக் கட்சி முதல் பொதுத்தேர்தலுக்கு வந்தது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? தலைவரே தோற்றார். வென்றவர் அதே நடேசன், இந்த முறை ஐக்கிய தேசியக் கட்சியில், அமைச்சராகவும் ஆனார். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், வேறு ஆளும் வென்றிருக்கிறார். எங்கள் ஆட்கள் பலர் இதை மறந்துவிட்டுத்தான் "செல்வாவின் கோட்டை" என்கிறார்கள். 1956, 1960இல் இரண்டு தரம், 1965, 1970 எல்லாம் செல்வநாயகம்தான்.

கிழவன் வளவு எழுதியது:

தங்கச்சி, 1975இல் எனக்கு 20 வயது, நான் போட்ட முதல் வாக்கு அது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

1972 மே மாதம் புதிய குடியரசு யாப்பு (அரசியலமைப்பு) வந்தது. அதில் தமிழருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அந்த ஒக்டோபரில் செல்வநாயகம் ஐயா எம்.பி. பதவியை விட்டார். இந்த யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா இல்லையா என்று என் தொகுதியிலேயே தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டார். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேலாக வைக்கவே இல்லை. கடைசியில் 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வைத்தார்கள். எதிரே நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சி வி. பொன்னம்பலம் (தமிழ்க் காங்கிரஸ் ஜி.ஜி. பொன்னம்பலத்தோடு மாற வேண்டாம், அவர் வேறு). கம்யூனிஸ்ட் கட்சி அப்போது அரசாங்கத்தில் பங்காளி.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்களிடம் காசு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வெங்காயம், மிளகாய் வருவதை அந்த அரசாங்கம்தான் மறித்தது, விலை ஏறியது, செம்மண் தோட்டக்காரர் பலர் கல்வீடு கட்டினார்கள். எங்கள் வீட்டிலும் இறைக்கிற மெசின் வாங்கியது அப்போதுதான். கணக்குப் பார்த்து வாக்குப் போட்டிருந்தால் அரசாங்கப் பக்கம் போட்டிருக்க வேண்டும். ஆனால் அண்ணாவுக்குத் தரப்படுத்தலில் (அனுமதிப் புள்ளியை மொழி, மாவட்டப்படி மாற்றிய முறை) பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தெற்கில் அவரைவிடக் குறைந்த புள்ளிக்கு இடம் கிடைத்தது. அப்பா அன்று விடிய தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, காலைக் கழுவி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வரிசையில் நின்ற நேரம் முழுக்க ஒரு சொல் கதைக்கவில்லை. கால் நகத்துக்குள் செம்மண் அப்படியே இருந்தது, அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

செல்வநாயகம் ஐயாவுக்கு 25,927, பொன்னம்பலத்துக்கு 9,457. வித்தியாசம் 16,470. ஐயாவுக்கு அப்போது நடுக்க வருத்தம், மேடையில் பேசினால் முன்வரிசைக்கே சரியாகக் கேட்காது. ஆனாலும் சனம் அசையாமல் இருந்து கேட்டது. அவர் கிறிஸ்தவர், தொகுதியில் பெரும்பாலும் சைவர்கள், அதையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த வருடம் மே மாதம் பண்ணாகத்தில், தனித் தமிழ் நாடு கேட்கும் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரலில் ஐயா போய்விட்டார். அந்த ஜூலைத் தேர்தலில் அமிர்தலிங்கம் வந்தார், 31,155 வாக்கு.

படலைக்கு வெளியே எழுதியது:

கிழவன் வளவு ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்த 9,457 பேரைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். எங்கள் குடும்பம் அதில் இருந்தது. அவர்களெல்லாம் அரசாங்கத்தின் ஆட்கள் என்று ஒரே சொல்லில் முடிக்கிறவர்களை நேரிலும் கண்டிருக்கிறேன், இங்கேயும் கண்டிருக்கிறேன்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகவிடுங்கள் என்று, சாதியால் ஒதுக்கப்பட்ட எங்கள் ஆட்கள் வெளியில் இருந்து கேட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்கள் இடதுசாரிகள். அது இதே தொகுதிக்குள் நடந்தது, தொகுதி எம்.பி. தங்களோடு உறுதியாக நிற்கவில்லை என்ற மனக்குறை எங்கள் பக்கத்தில் ஆழமாக இருந்தது. வாசலில் அடிவாங்கிய சித்தப்பா சாகும்வரை தோளை முழுதாக உயர்த்தமாட்டார். அவர் 1975இல் நட்சத்திரத்துக்குத்தான் (கம்யூனிஸ்ட் கட்சிச் சின்னம்) போட்டார். யாப்பு சரி என்று போடவில்லை, கோயில் வாசலில் கூட நின்றவர்களுக்குப் போட்டார். 1977இல் அமிர்தலிங்கத்துக்குப் போட்டார், அதையும் நெஞ்சாரத்தான் போட்டார்.

சந்தியடி எழுதியது:

இது நல்ல பதிவு, நன்றி. நான் வென்றவர் பெயரை மட்டும் அடுக்கிவிட்டுப் போய்விட்டேன்.

1977இல் இன்னொன்றும் நடந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம், சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 மட்டும். அதனால் காங்கேசன்துறை எம்.பி. முழு நாட்டுக்கும் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றவர் அவர். 1983 ஓகஸ்டில் அரசியலமைப்புக்கு ஆறாம் திருத்தம் வந்து, பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். கூட்டணிக்காரர் செய்யவில்லை, ஆசனம் போனது. காங்கேசன்துறைக்கென்று சனம் நேரடியாகத் தெரிவுசெய்த கடைசி எம்.பி. அமிர்தலிங்கம்தான், உங்கள் அப்பா சொல்வது அந்த வகையில் சரி.

மயிலிட்டிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நட்சத்திரத்துக்குப் போட்டவர்கள் கதை வந்த இடத்தில் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் 2017இல் விட்டபோது நாங்களும் போய்ப் பார்த்தோம், எங்கள் காணி இன்னும் வேலிக்கு உள்ளேதான். அப்பா வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றவே மாட்டேன் என்கிறார். காணி இல்லாமல் அந்த விலாசத்திலேயே பதிவை வைத்திருக்கலாமா?

சந்தியடி எழுதியது:

வைத்திருக்க வழி செய்திருந்தார்கள். இடம்பெயர்ந்தவர்கள் பழைய இடத்திலேயே வாக்காளராகப் பதிய 2013இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அது இப்போதும் செல்லுமா என்று தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு வருடமும் இடாப்புத் திருத்தும்போது கிராம அலுவலரிடம் பெயர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், தொலைபேசியில் கேட்டுவிட்டு இருக்க வேண்டாம். எங்கள் மாமியின் பெயர் ஒரு வருடம் அப்படித்தான் விடுபட்டது.