‘பர்ன் லெங்த்’: ‘எரிநீளம்’ போதுமா?

> விமான இருக்கைத் துணி, சுவர்ப் பலகை இவற்றின் தீச்சோதனையில் வரும் ‘பர்ன் லெங்த்’துக்கு ‘எரிநீளம்’ போதுமே. இதில் இழுபறி எதற்கு?

போதாது ஐயா. துண்டின் விளிம்பிலிருந்து தீயால் கெட்ட கடைசி இடம் வரையுள்ள தூரம்தான் ‘பர்ன் லெங்த்’; ஸ்கேலை எதுவரை வைத்து அளப்பது என்பதில்தான் சிக்கல். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் விதி 25.853இன் செங்குத்துச் சோதனையில், தொங்கும் துண்டின் கீழ்விளிம்பு பன்சன் பர்னரின் வாய்க்கு முக்கால் அங்குலம் மேலே இருக்கும். ஒன்றரை அங்குலச் சுடர். அதைப் பலகைக்கு 60 விநாடி, துணிக்கும் கம்பளத்துக்கும் 12 விநாடி காட்ட வேண்டும். குறைந்தது மூன்று துண்டுகள். பர்ன் லெங்த்தின் சராசரி பலகைக்கு 6 அங்குலம், துணிக்கு 8 அங்குலம் தாண்டக்கூடாது.

பர்னரை நகர்த்தியதும் பார்த்தால் துண்டு நெடுகக் கறுத்திருக்கும். அத்தனையும் எரிந்ததாகாது. புகைக்கரி, கறை, நெளிவு, நிறமாற்றம், சூட்டில் சுருங்கியோ உருகியோ விலகிய இடம் எதுவும் கணக்கில் வராது. மெல்லிய துணியில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுக் கரியைத் துடைத்துவிட்டு அளக்கலாம் (அது மாதிரியைக் கரைக்கக் கூடாது). கருகியது சேரும், கருகாமலே விரல் பட்டால் நொறுங்குகிற ஓரமும் சேரும். ‘எரிநீளம்’ காலை வாருவது இங்கேதான். புதியவர் அந்த ஓரத்தை விட்டுவிடுவார். தேறாத பலகை தேறிவிடும். ‘சிதைநீளம்’ என்று வைக்கலாமா?

---

‘சிதை’ என்றதும் சுடுகாடுதான் நினைவுக்கு வருகிறது, அதுவும் தீயோடு சேர்த்துச் சொன்னால்! ‘கருகல் நீளம்’ என்றால் நொறுங்கும் ஓரம் விடுபடும். ‘தீச்சேத நீளம்’ என் தேர்வு. சேதம் வடசொல்தான், ஆனால் பட்டறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கூடவே ‘ஃப்ளேம் டைம்’ஐயும் முடித்துவிடுவோம். பர்னரை எடுத்தபின் துண்டுகள் சராசரியாக 15 விநாடிக்கு மேல் சுடர்விடக் கூடாது. ‘பின்னெரி நேரம்’ சரிப்படாது: சுடரில்லாமல் கனன்றுகொண்டிருப்பதை இதில் சேர்ப்பதில்லை, ‘எரி’யோ இரண்டையும் குறிக்கும். ‘பின்சுடர் நேரம்’ என்றால், சுடர் அணைந்ததும் ஸ்டாப்வாட்சை நிறுத்தக் கை தானாகப் போகும்.

---

இரண்டுக்கும் சம்மதம். அப்படியானால் துண்டு உருகிக் கீழே விழும் சொட்டு, விழுந்தபின் சுடர்விடும் நேரத்துக்கு ‘சொட்டுச்சுடர் நேரம்’: சராசரி பலகைக்கு 3 விநாடி, துணிக்கு 5 தாண்டக்கூடாது. அட்டவணையில் ஒன்று கவனிக்க வேண்டும். சொட்டே விழாவிட்டால் 0 போட்டு, பக்கத்திலேயே ‘சொட்டு இல்லை’ என்றும் எழுத வேண்டும். சுடரின்றி விழுந்த சொட்டுக்கும் 0தான் வரும் என்பதால், எழுதாவிட்டால் பிறகு பிரித்தறிய முடியாது.