கடற்கரைக் காவலர்களுக்கு நம் மாகாண அரசு சம்பளம் தரவேண்டாமா?

சாட்ஸ்வொர்த்வாசி:
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பழங்குடி நில, கடல் காவலர்களுக்கு 2007 முதல் மாநில அரசே பணம் ஒதுக்குகிறது. களை அழிப்பது, காட்டுத்தீயைத் தடுப்பது, ஆமைக் கூடுகளைக் காப்பது எல்லாம் செய்வது அந்த மண்ணின் மக்களே. இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நடால் மாகாண அரசும் அப்படிப் பணம் ஒதுக்கக் கேட்டு ஒரு மனு போடலாமா?

கடல்காற்று:
கட்டாயம் போடலாம் அண்ணா. ஆனால் புதிதாக எதையோ கேட்பதுபோல் எழுதாதீர்கள், நம் மாகாணத்தின் வடகோடியில் கோசி வளைகுடாப் பக்கம் 1963 முதலே கடலாமைக் கணக்கெடுப்பு நடக்கிறது, இரவில் மணலில் நடந்து தடம் பார்ப்பவர்களில் பலர் அங்கேயே பிறந்த தோங்கா மக்கள்தான். முட்டையிடும் பருவத்துக்கு மட்டும் வேலை என்றில்லாமல் வருடம் முழுக்கச் சம்பளம் கேளுங்கள்.

வலைக்காரர் பேத்தி:
என் தாத்தா டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்தவர். அந்த வளைகுடாவிலிருந்த சாலிஸ்பரி தீவிலிருந்து எங்கள் குடும்பங்களை வெளியேற்றியபோது, எந்த மாதம் எந்த மீன் வரும் என்ற அறிவும் கூடவே போய்விட்டது. கோசியில் குச்சி நட்டு மீன்வேலி கட்டுகிறவர்களிடம் அது இன்னும் இருக்கிறது. அவர்களைக் கூலியாட்களாக மட்டும் வைக்காமல் முடிவெடுக்கும் கூட்டத்திலும் உட்காரவைக்க வேண்டும், அதையும் எழுதுங்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி:
சரி அக்கா, சேர்த்துவிடுகிறேன். அப்புறம், மனு சுலு மொழியிலும் இருக்கவேண்டும், நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் யாராவது கைகொடுங்கள்.